பலூன் நிறையக் காற்று, தட்டு மட்டும் நகர மாட்டேன் என்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், காற்றுப் படலத்தின் மேல் மிதந்து ஓடும் ஊர்தியான ஹோவர்கிராஃப்ட் பற்றி நான்கு வரிக் குறிப்பு ஒன்று தந்திருந்தோம். பழைய சி.டி.யின் நடு ஓட்டைக்கு மேல் தண்ணீர் பாட்டில் மூடியை ஒட்டுங்கள். மூடியில் சிறு துளை போடுங்கள். ஊதிய பலூனை மூடியில் மாட்டி விடுங்கள். தட்டு காற்றுமேல் வழுக்கி ஓடும் என்று எழுதியிருந்தோம். நான்கு வரி போதவில்லை என்று கடிதங்கள் சொல்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுக்க ஹோவர்கிராஃப்ட்டுக்கே.

*

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேனுங்க. பலூன்ல காத்து இருக்குது, கீழ 'உஸ்'னு சத்தமும் வருது. தள்ளினா ஒரு சாண் போயி நின்னுக்குது. வீட்டு வாசல், நெல்லு காயப்போடற களம், ரெண்டு எடத்துலயும் இதே கதைதான். என்ன தப்பு?"
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

தப்பு தட்டில் இல்லை, தரையில் இருக்கிறது. சி.டி.க்குக் கீழே உண்டாகும் காற்றுப் படலத்தின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். நெற்களத்தின் சிமென்ட்டில் ஒவ்வொரு மணலும் அதைவிட உயரம். காற்று மணல்களுக்கு நடுவே புகுந்து போய்விடும், தட்டு மணல்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ரெட் ஆக்சைடு போட்டு மெழுகிய பழைய தரை, கிரானைட், கண்ணாடி, மேசை மைக்கா, துடைத்த கேரம்போர்டு எல்லாம் நன்றாக வேலை செய்யும். டைல்ஸ் தரையும் சரிதான். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தாண்டும்போது காற்று அந்த வழியே ஓடிவிடும், தட்டு தடுக்கி நிற்கும். பெரிய டைல்ஸ் என்றால் ஒரே கல்லுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

நல்ல தரையிலும் ஓடவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் சி.டி.யை விரலால் தடவுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி, பளபளக்கும் பக்கத்தில், மெல்லிய வளையம் போல ஒரு மேடு தட்டுப்படலாம். அடுக்கி வைக்கும்போது தட்டுகள் உரசாமல் இருப்பதற்காக வைத்தது அது. அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும், வழுவழுப்பான பக்கம் தரையைப் பார்க்கட்டும். கால் மில்லிமீட்டர் மேடுகூட நம் கணக்கில் பாதி உயரத்தைத் தின்றுவிடும்.

இரண்டாவது, பசை. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் மூடியின் விளிம்புக்கும் சி.டி.க்கும் நடுவே உள்ள சந்தை நிரப்பாது. காற்று பக்கவாட்டில் கசியும். க்ளூ கன் பசையை மூடியைச் சுற்றி வரப்பு மாதிரி முழு வட்டமாக விடுங்கள். ஆறிய பிறகு மூடிமேல் சோப்புத் தண்ணீர் தடவி, துளை வழியே வாயால் ஊதுங்கள். நுரை எங்கே வருகிறதோ அங்கே இன்னொரு சொட்டுப் பசை.

மூன்றாவது, பலூன் ஒருபக்கம் சாய்வது. பெரிதாக ஊதிய பலூன் ஒரு பக்கம் தொங்கினால் தட்டின் அந்த விளிம்பு தரையைத் தேய்க்கும். பாட்டிலின் கழுத்தை, வளையத்துக்குக் கீழே 2 செ.மீ. விட்டு வெட்டி எடுங்கள். வெட்டிய பக்கத்தில் பலூனை மாட்டுங்கள். மூடியைச் சி.டி.யில் திருகும் வாய் மேலே பார்க்கும்படி ஒட்டி, அதன் அடிப்பாகத்தில் துளையிடுங்கள். பலூனை ஊதி, முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மூடியில் திருகி விடலாம். நேராக நிற்கும், காற்றும் வீணாகாது. ஒரே தட்டில் பல பலூன்களை மாற்றி மாற்றிச் சோதிக்கவும் இதுவே வசதி.

*

"சி.டி.யே இப்போது கிடைப்பதில்லையே?"
– ஒரு தந்தை, உடுமலைப்பேட்டை

ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் 3 மி.மீ. சன்போர்டு துண்டு கேளுங்கள். 12 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டி, நடுவில் 15 மி.மீ. ஓட்டை போட்டால் சி.டி.யின் அளவும் ஏறக்குறைய அதே எடையும் வந்துவிடும். வெட்டிய விளிம்பின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது முக்கியம். கார்டுபோர்டு வேண்டாம்; ஈரத்தில் வளையும்.

*

"பலூன் பத்து நொடியில் காலியாகிவிடுகிறது. துளையைச் சிறிதாக்கினால் தட்டு தூக்காமல் போய்விடுமோ என்று பயம். சரியான அளவு என்ன?"
– பதினோராம் வகுப்பு மாணவர், நாமக்கல்

பயம் வேண்டாம். ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் போதும், இந்தப் பகுதியில் இனி வரும் எல்லாக் கேள்விக்கும் அதே கணக்குதான்.

தட்டின் மொத்த எடையைக் கிராமில் எழுதுங்கள். தட்டின் பரப்பைச் சதுர செ.மீ.யில் எழுதுங்கள். வகுத்தால் வரும் எண்தான் தட்டைத் தூக்கத் தேவையான அழுத்தம், நீர் உயரக் கணக்கில், செ.மீ.யில்; அதாவது அத்தனை செ.மீ. உயரத் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம். (ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம் என்பதால் கணக்கு இவ்வளவு சுலபமாகிறது.) சி.டி., மூடி, பலூன் எல்லாம் சேர்த்து 20 கிராம். சி.டி.யின் பரப்பு 113 சதுர செ.மீ. வகுத்தால் 0.18. அதாவது 2 மி.மீ.க்கும் குறைவான நீர் உயரம்.

ஊதிய பலூனுக்குள் இருக்கும் அழுத்தமோ 20 முதல் 30 செ.மீ. நீர் உயரம். தேவையைப் போல நூறு மடங்குக்கும் மேல்! ஆகவே தூக்கும் வலிமைக்குப் பஞ்சமே இல்லை. துளையின் வேலை, வீணாகப் போகும் காற்றை அடக்கிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

25 செ.மீ. விட்டத்துக்கு ஊதிய பலூனில் சுமார் 8 லிட்டர் காற்று இருக்கும். 2 மி.மீ. துளை என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் வரும். 4 மி.மீ. துளைக்குப் பரப்பு நான்கு மடங்கு, நேரம் கால் பங்கு. உங்களுடையது 5 மி.மீ. அளவுக்குப் போயிருக்க வேண்டும். சூடாக்கிய கோணூசியால் குத்தினால் இப்படித்தான் பிளாஸ்டிக் உருகி விரிந்துகொண்டே போகும். 2 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகிப் போடுங்கள்.

துளையைப் பெரிதாக்கினால் உயரமாக மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய இடைவெளியில் காற்றின் பிசுக்குத்தன்மைதான் (ஓட்டத்தைப் பாகுபோல இழுத்துப் பிடிக்கும் குணம்) ஆட்சி செய்கிறது. அங்கே காற்றின் ஓட்டம் இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. அரை மி.மீ.யை ஒரு மி.மீ. ஆக்க எட்டு மடங்கு காற்று தேவை. ஒரு நிமிடம் ஓடியது ஏழெட்டு நொடியில் முடிந்துவிடும். கரடுமுரடான தரையைப் பெரிய துளையால் வெல்ல முடியாததும் இதனால்தான். கோபி மாணவியும் இதைக் கவனிக்க.

*

"அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் இதைக் கொண்டு வருகிறார்கள். தள்ளிக் காட்டுகிறார்கள், 'உராய்வு குறைகிறது' என்கிறார்கள், முடிந்தது. அளந்து காட்ட எதுவும் இல்லையா?"
– இயற்பியல் ஆசிரியை, பெருந்துறை

நிறைய இருக்கிறது. முதலில் சாய்தளம். மார்பிள் கடையில் மிஞ்சிய 60 செ.மீ. நீளமுள்ள கிரானைட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பலூனில் காற்று இல்லாமல் தட்டை அதன்மேல் வைத்து, ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். தட்டு வழுக்கத் தொடங்கும் உயரத்தைக் குறியுங்கள். உயரம் 15 செ.மீ. என்றால் அடித்தளம் 58 செ.மீ.; 15-ஐ 58-ஆல் வகுத்தால் 0.26. அதுதான் நிலை உராய்வுக் கெழு. இப்போது பலூனை ஊதி அதையே செய்யுங்கள். கல்லுக்குக் கீழே இரண்டு மூன்று விசிட்டிங் கார்டு செருகினாலே தட்டு கிளம்பிவிடும். மட்டமாக இருக்கிறது என்று நம்பிய மேசையெல்லாம் மட்டமில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும். ரசமட்டம் வைத்து மேசையைச் சரிசெய்த பிறகே மற்ற அளவுகளை எடுங்கள்.

அடுத்தது எடைச் சோதனை. மூடியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயங்களைச் சம இடைவெளியில் வையுங்கள். எந்த ஆண்டு அடித்தது என்பதைப் பொறுத்து ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3 முதல் 5 கிராம் வரை மாறும். ஆகவே ஒரே மாதிரி நாணயங்களாகப் பொறுக்கி, தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டை எப்போதும் 3 செ.மீ. இழுத்து விட்டுத் தட்டைத் தள்ளுங்கள். கைத் தள்ளல் ஒவ்வொரு முறையும் மாறும், அதில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. செல்போனின் ஸ்லோ மோஷன் வீடியோவில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, வேகத்தைக் கணக்கிடலாம். எடை கூடக் கூடக் கிளம்பும் வேகம் குறையும். ஆனால் கிளம்பிய வேகம் நெடுந்தூரம் அப்படியே நீடிக்கும். நியூட்டனின் முதல் விதியும் இரண்டாம் விதியும் ஒரே வீடியோவில்.

எடையை இரட்டிப்பாக்கினால் மிதக்கும் உயரம் பாதியாகிவிடும் என்று மாணவர்கள் ஊகிப்பார்கள். மேலே சொன்ன மும்மடிக் கணக்கின்படி ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். நாமக்கல் மாணவருக்குச் சொன்ன பதிலைக் காட்டி, ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

*

"தெர்மாகோல் 30-க்கு 20 செ.மீ., 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், 9 வோல்ட் பேட்டரி. ஃபேன் சுத்துதுங்க, ஆனா எந்திரிக்கவே மாட்டேங்குது. ஒயரை மாத்திக் குடுத்துப் பாத்தேன், ஃபேனே நின்னு போச்சு."
– பாலிடெக்னிக் மாணவர், திருப்பூர்

பொருளை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கை வாங்கிய பின் போடுகிறோம். ஃபேன் 80 கிராம், பேட்டரி 45, தெர்மாகோல், ஒயர், பசை எல்லாம் சேர்த்து 180 கிராம் என்று வைப்போம். பரப்பு 600 சதுர செ.மீ. வகுத்தால் 0.3 செ.மீ., அதாவது 3 மி.மீ. நீர் உயரம். சாதாரண 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், காற்று போகும் வழியை முழுக்க அடைத்தால்கூட, 2 முதல் 3 மி.மீ. வரைதான் தரும். அதுவும் 12 வோல்ட்டில். 9 வோல்ட் பேட்டரி அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் 7, 8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால் அழுத்தம் பாதிக்கும் கீழே போகும், ஏனென்றால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். கையில் 1 மி.மீ., தேவை 3 மி.மீ. எப்படி எழும்?

பேட்டரியைத் தட்டிலிருந்து இறக்குங்கள். வைஃபை ரவுட்டருக்கு வரும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரைத் தரையில் வைத்து, மெல்லிய இரட்டை ஒயரை 2 மீட்டர் நீளத்துக்கு மேலிருந்து தொங்கவிடுங்கள். பலகையை 40-க்கு 30 செ.மீ. ஆக்குங்கள், 20 மி.மீ. கன தெர்மாகோல். இப்போது எடை 130 கிராம், பரப்பு 1,200. தேவை 1.1 மி.மீ.தான். ஃபேன் தரக்கூடியதில் பாதி, மீதிப் பாதி காற்றை ஓடவிடும். கீழே சுமார் 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும்.

ஒயரை மாற்றிக் கொடுத்தால் இந்த ஃபேன் திரும்பிச் சுற்றாது. உள்ளே எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, சில ஃபேன்கள் அதில் கெட்டே போகும். சிவப்பு ப்ளஸ், கறுப்பு மைனஸ். மஞ்சள் ஒயர் இருந்தால் அது வேகம் காட்டும் ஒயர், விட்டுவிடலாம். காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஃபேன் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், பாருங்கள். அம்பு தரையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாவாடை, அதாவது அடியில் உள்ள காற்று சீக்கிரம் வெளியே ஓடாதபடி விளிம்பைச் சுற்றித் தொங்கும் திரை. அதற்கு உங்கள் ஊரிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது: டி-ஷர்ட் போட்டு அனுப்பும் மெல்லிய பாலிகவர். 6 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, பலகையின் நாலு ஓரத்திலும் சுற்றி ஒட்டி, உள்பக்கமாகச் சற்றே வளைந்து தொங்கவிடுங்கள். தரைக்குத் தொங்கும் உயரம் 2 முதல் 3 செ.மீ. போதும். அதிகமானால் தட்டு தொட்டில் மாதிரி ஆடி ஒரு பக்கம் கவிழும். மூலைகளில்தான் கசிவு, அங்கே பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். தெர்மாகோலில் ஃபெவிக்விக் தொடவே கூடாது, கரைத்துக் குழி போட்டுவிடும். ஃபெவிகால் வைத்து ஒரு இரவு காயவிடுங்கள். அவசரமென்றால் செலோ டேப்.

எழுந்ததும் தட்டு தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். பிழை இல்லை. ஃபேன் இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் அதைப் பிடித்திருக்கும் சட்டம் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கிறது. இதுவரை தரையின் உராய்வு அதைத் தடுத்து வைத்திருந்தது; இப்போது தடுக்க ஆளில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு மலிவாக வேறெங்கும் காட்ட முடியாது என்பதால், கண்காட்சியில் அதை மறைக்காமல் காட்டச் சொல்வோம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், ஃபேனுக்குக் கீழே காற்று சுழலாதபடி கூட்டல் குறி வடிவில் இரண்டு அட்டைத் தடுப்புகள் வையுங்கள்; பெரும்பகுதி அடங்கும்.

*

"ஆடி மாதம் பள்ளி மைதானத்து மேடையில் ஓட்டிக் காட்டலாமா?"
– ஒரு வாசகர், பல்லடம்

வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றுகிற மாதம் அது. தரையைப் பிடிக்காத வண்டி காற்று தள்ளும் பக்கம்தான் போகும். உள்ளே, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

*

"இதைக் கண்டுபிடித்தவர் காபி டின்னை வைத்துச் சோதித்தார் என்கிறார்களே, உண்மையா? நம் நாட்டில் ஓடுகிறதா?"
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கரூர்

உண்மைதான். இங்கிலாந்துப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் 1955-இல் பெரிய காபி டின்னுக்குள் சிறிய பூனை உணவு டின்னை வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி வழியாகக் காற்றைக் கீழே செலுத்தினார். அடியில் இருந்த சமையலறைத் தராசு, ஒரே குழாயில் ஊதுவதைவிட இப்படி வளையமாக ஊதினால் அழுத்தம் கூடுதல் என்று காட்டியது. அவர் யோசனையில் உருவான எஸ்.ஆர்.என்.1 என்ற ஊர்தி 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. பிரெஞ்சு விமானி பிளேரியோ, விமானத்தில் அதே கால்வாயைக் கடந்து சரியாக 50 ஆண்டுகள் முடிந்த நாள் அது. அப்போது அதற்குப் பாவாடை கிடையாது, பிறகு வந்தது. பாவாடை வந்த பிறகுதான் அலைமேல் போக முடிந்தது. 1968 முதல் 2000 வரை கால்வாயில் கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஹோவர்கிராஃப்ட்டுகள் ஓடின.

நம் மாநிலத்தில் மண்டபத்தில் கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். மணல் திட்டு வந்தால் படகு தட்டிவிடும், இது ஏறிக் கடந்துவிடும்.

*

"ஒரு மாணவரை உட்காரவைத்து ஓட்டும் அளவுக்குச் செய்ய நினைக்கிறோம். வீட்டில் தூசி ஊதும் ப்ளோயர் போதுமா?"
– பள்ளி அறிவியல் மன்றம், கோயம்புத்தூர்

போதும். பனியன் கம்பெனிகளில் மெஷினுக்குள் சேரும் பஞ்சை ஊத வைத்திருக்கும் 600 வாட் கை ப்ளோயர்தான் சரியான பொருள். கணக்கு: 4 அடி விட்டம், 12 மி.மீ. பிளைவுட் சுமார் 8 கிலோ. ப்ளோயர் 2 கிலோ. மாணவர் 45 கிலோ. மொத்தம் 55,000 கிராம். தரையில் காற்று பிடிக்கும் வட்டம் 110 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 9,500. வகுத்தால் கிட்டத்தட்ட 6 செ.மீ. நீர் உயரம். ஆளைத் தூக்கும் அழுத்தம் அரைத் தம்ளர் தண்ணீரின் உயரம்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பரப்பு செய்யும் வேலை அது.

பிளைவுட்டை வட்டமாக அறுத்து விளிம்பை உருட்டித் தேயுங்கள். நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் ப்ளோயர் மூக்கு இறுக்கமாகப் புகும் ஓட்டை. பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் ஷீட்டை ஐந்தரை அடி வட்டமாக வெட்டி, பலகைக்கு அடியில் விரித்து, ஓரத்தை மேலே மடித்து 3 செ.மீ.க்கு ஒன்றாக ஸ்டேபிள் அடியுங்கள். மேலே அகலமான டேப் ஒட்டி முழுக்க மூடுங்கள். ஷீட் இறுக்கமாக இருக்கக் கூடாது, கீழே 5 முதல் 8 செ.மீ. தொங்க வேண்டும். நடுவில் 15 செ.மீ. பிளைவுட் வட்டு ஒன்றை வைத்து, 6 மி.மீ. போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு ஷீட்டைப் பலகையோடு பிடியுங்கள். அந்த வட்டின் விளிம்பை ஒட்டி, ஷீட்டில் 5 செ.மீ. ஓட்டைகள் ஆறு. வெட்டும் முன் அந்த இடத்தில் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டினால் கிழியாது. இந்த ஓட்டைகள் வழியாகத்தான் பைக்குள் புகுந்த காற்று தரைக்கு வரும். நடு வட்டு இல்லாமல் விட்டால் ஷீட் உருண்டையாக உப்பி, ஓட்டைகளைத் தரையோடு அழுத்தி அடைத்துவிடும். பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்.

அழுத்தத்தை அளக்கக் கொத்தனாரிடம் லெவல் டியூப் கடன் வாங்குங்கள். நடு வட்டு வழியாகப் பலகையில் துளையிட்டு, டியூப்பின் ஒரு முனையை அடிப்பரப்போடு சமமாகச் செருகி, சுற்றிப் பசை வையுங்கள். மறுமுனையை மேலே, 'ப' எழுத்துப் போல வளைத்துப் பாதி தண்ணீர் விட்டு, ஸ்கேலோடு கட்டுங்கள். ஆள் ஏறியதும் இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 6 செ.மீ.க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். வேறு எடையுள்ள மாணவர் ஏறினால் எண் மாறும். அந்த எண்ணிலிருந்து அவர் எடையைக் கண்டுபிடிப்பதே ஒரு போட்டி.

பாதுகாப்பு விஷயத்தில் சலுகை கிடையாது. ப்ளோயரை இ.எல்.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் கரண்டைத் துண்டிக்கும் சாதனம்) உள்ள லைனில் மட்டும் மாட்டுங்கள். ஒயரை இன்னொருவர் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், தரையில் இழுபடக் கூடாது. ஈரத் தரை, மொட்டை மாடி, படிக்கட்டுப் பக்கம் எதிலும் ஓட்ட வேண்டாம். இதற்கு பிரேக் கிடையாது. சடை, துப்பட்டா ப்ளோயர் வாயருகே வரக் கூடாது. இரண்டு நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். தரையைப் பெருக்கிவிட்டு ஏறுங்கள். ஒரு ஜல்லித் துண்டு போதும், ஷீட் கிழிய.

*

"தண்ணீரில் விடலாமா? எங்கள் தோட்டத்தில் பெரிய தொட்டி இருக்கிறது."
– ஒரு விவசாயி, பொள்ளாச்சி

சி.டி. வேண்டாம். காற்று தீர்ந்த நொடியில் தண்ணீர் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி எழாது. ஆள் ஏறும் பிளைவுட் வண்டியைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள், அதில் கரண்டு இருக்கிறது.

திருப்பூர் மாணவருக்குச் சொன்ன தெர்மாகோல் தட்டு தண்ணீரில் போகும். காற்று நின்றாலும் மிதக்கும். ஆனால் அடாப்டர் கூடாது. 40, 50 கிராம் எடையுள்ள 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரியை மேலேயே வையுங்கள். மொத்தம் சுமார் 180 கிராம், தேவை 1.5 மி.மீ. ஆகிறது, ஃபேன் சமாளிக்கும். நின்ற இடத்தில் மிதக்கும்போது குனிந்து பாருங்கள். தட்டுக்கு அடியில் நீர்மட்டம் அதே ஒன்றரை மி.மீ. பள்ளமாகியிருக்கும். தட்டு தண்ணீரைத் தொடவே இல்லை, ஆனாலும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித்தான் நிற்கிறது. ஓரத்தில் சாரல் தெறித்து ஃபேனுக்குள் போகும், அதற்குப் பலகைமேல் 3 செ.மீ. உயரத்தில் ஒரு தெர்மாகோல் வரப்பு கட்டுங்கள். பேட்டரி ஒயர் இணைப்பில் சிலிக்கான் பசை தடவ மறக்க வேண்டாம்.